இன்னாசிமுத்து கடை ஜன்னலும் என் சந்தேகங்களும்

ஜூன் 3, திங்கள்

மளிகைக்கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி. பால் கணக்குக்குக்கூட உதவாமல் அலமாரியில் கிடந்தது. இன்று தூசி தட்டி எடுத்துவிட்டேன். பரங்கித்துறை மரபுக் கட்டட ஆய்வுக் குழுவில் நகராட்சி என்னை உறுப்பினராகப் போட்டிருக்கிறது. குழு சம்பந்தப்பட்ட விஷயங்களை மட்டும் இதில் குறித்துவைப்பதாக உத்தேசம். வீட்டுக் கதை, ஊர்க் கதை எதுவும் கிடையாது.

என் தகுதி, பெண்கள் பள்ளியில் ஓய்வு பெறும்வரை டிராயிங் டீச்சராக இருந்தது. "வாழைப்பழத்துக்கு நிழல் போடச் சொல்லிக்குடுத்தவளுக்குக் கட்டடத்தப் பத்தி என்னடி தெரியும்?" என்றார் அண்ணி. அண்ணி என்பது என் நாத்தனார் தையல்நாயகி. என் கணவர் போன பிறகும் அவரும் நானும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். ஒருவரையொருவர் சகித்துக்கொள்வதில் இருவருக்கும் நல்ல தேர்ச்சி வந்துவிட்டது.

மத்தியானம் மோர் மிளகாய் காயப் போட்டேன். இது குழு சம்பந்தப்பட்டது இல்லை. இனி எழுத மாட்டேன்.

ஜூன் 7, வெள்ளி

முதல் கூட்டம். நகராட்சி மாடியில், மின்விசிறிக்கு நேர் கீழே தலைவர், காற்று வராத இடத்தில் மற்றவர்கள்.

தலைவர் இராமபத்திரன் பொதுப்பணித்துறையில் பொறியாளராக இருந்தவர். 'மரபு' என்ற சொல்லைச் சொல்லும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். பேராசிரியர் அறவாழி சரித்திரம் படித்தவர். முறுக்குத் தட்டு அவர் பக்கம் இருக்கும்வரை எந்த விஷயத்திலும் ஆட்சேபம் சொல்வதில்லை. செயலர் நஸீமா, நகரமைப்பு அலுவலர், சின்னப் பெண். மேஜையில் பைல் குறைய வேண்டும், அது ஒன்றுதான் அவளுடைய கவலை. நான்காவது ஆள் நான்.

கடற்கரையை ஒட்டிய கப்பல்காரத் தெருவில் வெள்ளைக்காரன் காலத்து வீடுகள் இருக்கின்றன. அங்கே யாராவது சுவரை இடிக்கவோ கதவை மாற்றவோ வேண்டுமென்றால் எங்களைக் கேட்க வேண்டும். நாங்கள் நேரில் போய்ப் பார்த்துவிட்டுத் தீர்மானம் எழுதுவோம். இதில் ஒரு விசேஷ விதி உண்டு. நால்வரில் ஒருவருக்குச் சந்தேகம் இருந்தாலும் தீர்மானம் எழுதக் கூடாது. அவர் திருப்தியாகும்வரை மறுபடி மறுபடி போய்ப் பார்வையிடலாம். அல்லது அவரே காரணம் சொல்லிச் சந்தேகத்தை வாபஸ் வாங்க வேண்டும். இந்த விதியை எழுதியவர் மனிதர்கள் மேல் ரொம்ப நம்பிக்கை வைத்திருந்தவர்.

எங்கள் வீடும் அந்தத் தெருவில்தான். தலைவர் பதவிக்கு வந்த வருஷம் தெரு முழுக்க ஒரே மஞ்சள் அடிக்கச் சொல்லிவிட்டார். 'மரபு மஞ்சள்' என்று அதற்குப் பெயர். அண்ணி ஆசை ஆசையாக வைத்திருந்த நீலம் போயிற்று. அன்றிலிருந்து வீட்டில் தலைவருக்கு 'மஞ்சக்காமாலை' என்று பெயர். கூட்டத்தில் வாய் தவறிவிடக் கூடாதே என்று எனக்குப் பயமாக இருந்தது.

முதல் பைல்: இன்னாசிமுத்து பேக்கரி.

ஜூன் 10, திங்கள்

பேக்கரியைப் பார்வையிட்டோம். தெருவிலிருந்து உயரமான படி ஏறி உள்ளே போக வேண்டும். வயசானவர்களால் முடியவில்லை, வியாபாரம் மெயின் ரோட்டுப் புதுக் கடைக்குப் போய்விட்டது. தெருவைப் பார்த்த ஜன்னலை இறக்கி வெட்டி, கீழே நிற்பவர்களுக்கு எட்டுகிற மாதிரி ஒரு கவுண்டர் வைக்க அனுமதி வேண்டுமாம். இதுதான் விண்ணப்பம்.

இன்னாசிமுத்து அறுபதைத் தொட்டிருப்பார். மனைவி பிலோமினா இறந்து நாலைந்து வருஷம் இருக்கும். பூண்டி மாதா படத்துக்குப் பக்கத்தில் அவர் படமும் மாட்டியிருக்கிறது. முழங்கையில் மைதா ஒட்டியிருந்தது. நான் உட்காரும் முன்பு நாற்காலியைத் துண்டால் துடைத்தார். தலைவருடைய நாற்காலியைத் துடைக்கவில்லை.

"என் மக ஜெசிந்தா உங்ககிட்டதான் டிராயிங் படிச்சா டீச்சர். மயிலு போட்டா கோழி மாதிரி வரும்."

"ஞாபகம் இருக்கு. கோழி போட்டா மயிலு மாதிரி வரும்."

சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்குகிறது.

தேங்காய் பன் கொடுத்தார். சவுக்குக் கட்டை எரித்துச் சுடுகிற அடுப்பு. மேலே லேசாக முறுகல், உள்ளே ஏலக்காய் வாசனையோடு தேங்காய்ப் பூரணம் இன்னும் சூடாக. சர்க்கரை திட்டமாக. டீயில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தார், அரைத்துப் போடவில்லை. இந்த வித்தியாசம் தெரிந்த ஆண்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஜன்னலைப் பற்றியும் ஏதாவது எழுத வேண்டும். ஜன்னல் இருந்தது.

ஜூன் 14, வெள்ளி

கூட்டம். தலைவர் நல்ல மனநிலையில் இருந்தார். "சின்ன வேலைதான். வெளிப்பக்கம் மஞ்சள் அடிச்சுடணும். அந்த நிபந்தனையோட குடுத்துடலாம்" என்றார். பேராசிரியர் தலையாட்டினார். நஸீமா பேனாவைத் திறந்துவிட்டாள். இவ்வளவு அவசரமாகவா ஒரு மரபுக் கட்டடத்தைப் பற்றி முடிவெடுப்பது என்று எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

"அந்த ஜன்னல் கதவு என்ன மரம்னு பாக்கலயே" என்றேன்.

"தேக்கா இருக்கும் மேடம்."

"இருக்கும்னு தீர்மானத்துல எழுத முடியுமா?"

நஸீமா பேனாவை மூடினாள். 'உறுப்பினர் அமிர்தகௌரிக்குச் சந்தேகம், அடுத்த பார்வையிடல் 18ஆம் தேதி' என்று என் பெயரைப் போட்டுக் குறித்துக்கொண்டாள்.

ஜூன் 18, செவ்வாய்

தேக்குதான்.

தலைவருக்கு வேறு வேலை, பேராசிரியருக்கு வயிறு சரியில்லை, நஸீமா எட்டிப் பார்த்துவிட்டு ஆபீஸ் போய்விட்டாள். தேக்கு என்று உறுதிப்படுத்த ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மர விஷயத்தில் அவசரப்படக் கூடாது.

இன்று பன் இல்லை, வர்க்கி. "பன்னு நேத்தைக்குப் போட்டது மிச்சம் இருக்கு, உங்களுக்குக் குடுக்க மனசு வரல" என்றார். ஜெசிந்தா ஓசூரில் இருக்கிறாள், கடையை மூடிவிட்டு வந்துவிடச் சொல்லி வாரம் தவறாமல் கூப்பிடுகிறாளாம்.

"போவீங்களா?"

"இந்த ஆவணிதான், டீச்சர், கணக்கு. வேளாங்கண்ணிக்கு நடந்து போற சனம் பூரா இந்தத் தெரு வழியாத்தான் போவுது. கொடியேத்துக்கு முன்னால கவுண்டர் போட்டுட்டா கடை பொழைச்சுக்கும். கால்ல கொப்புளத்தோட வர்றவங்க படி ஏறியா வாங்குவாங்க? இந்தத் தடவயும் விட்டுட்டா சாவிய மாட்டிட்டு ஓசூர்தான்."

ஆகஸ்ட் கடைசியில் கொடியேற்றம். இன்னும் நிறைய நாள் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி, "மரத்தப் பாக்கப் போறவ எதுக்குடி கஞ்சி போட்டுப் பொடவைய இஸ்திரி பண்ணிக் கட்டிக்கிட்டுப் போன?" என்று கேட்டார். அரசாங்க வேலையாகப் போகிறவள் கசங்கலாகவா போக முடியும்?

ஜூன் 28, வெள்ளி

கூட்டம். சுவரின் கனம் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். இறக்கி வெட்டினால் மேலே உள்ள பாரம் தாங்குமா? தலைவர் பொறியாளர், "தாராளமா தாங்கும்" என்றார். நான் பார்க்காமல் எப்படி ஏற்றுக்கொள்ள முடியும்?

நஸீமா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இந்தக் காலத்துப் பெண்களுக்கு வேலையில் நிதானம் இல்லை.

ஜூலை 2, செவ்வாய்

தாங்கும். பன்.

ஜூலை 12, வெள்ளி

இன்றைய கூட்டத்தில் தலைவர் எனக்கு முன்பாகவே, "மேடம், மரம் பாத்தாச்சு, சுவர் பாத்தாச்சு. இனிமே என்ன இருக்கு?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் வாய் தானாகவே, "நிறம் இருக்கே" என்றது.

"நிறம் என்ன? மரபு மஞ்சள்."

"அது நாம அடிச்சது. கட்டினவன் என்ன நிறம் அடிச்சான்னு அடியில சுரண்டிப் பாத்தாத்தானே தெரியும்?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை. "பாருங்க. மஞ்சளாத்தான் இருக்கும்" என்றார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். சத்தியமாக இன்னொரு டீக்காகத்தான் கேட்டேன். டீ என்றால் பார்வையிடல்.

ஜூலை 16, செவ்வாய்

ஐயோ.

விவரமாக எழுத வேண்டும். தலைவர், பேராசிரியர், நஸீமா, எல்லோரும் வந்தார்கள். பிளேடை வைத்து ஜன்னல் ஓரமாகச் சுவரைப் பதமாகச் சுரண்டினேன். மேலே நம்முடைய மஞ்சள். அதற்குக் கீழே வெள்ளைச் சுண்ணாம்பு, ஏதோ ஒரு காலத்துப் பச்சை, மறுபடி வெள்ளை. கடைசியாக, செங்கல்லை ஒட்டினாற்போல் அசல் பூச்சு.

ரோஸ். இளம் ரோஸ்கூட இல்லை. நகைக்கடையில் மோதிரம் மடித்துக் கொடுக்கிற தாளின் ரோஸ்.

பேராசிரியர் கையில் இருந்த பொறை ரொட்டியைக் கடிக்க மறந்து நின்றார். இன்னாசிமுத்து என் தோளுக்குப் பின்னால் குனிந்து பார்த்து, "நல்லா பளிச்சுன்னு இருக்கே டீச்சர்" என்றார். தலைவர் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும்.

"இந்த வீட்டைக் கட்டினவனுக்கு ரசனை இல்லை. மத்த வீடெல்லாம் மஞ்சள்தான்" என்றார் தலைவர்.

தெருவில் பத்துப் பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதை அவர் கவனித்திருக்கலாம்.

ஜூலை 17, புதன்

தெரு முழுக்கச் சுரண்டுகிறார்கள். கரண்டிக் காம்பு, சீப்பு, சாவி, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எல்லோரும் அவரவர் வீட்டுச் சுவர் முன்னால் நிற்கிறார்கள். எதிர்வீடு கிளிப்பச்சை. தபால்காரர் வீடு ஊதா. கோடி வீட்டுக்காரருக்குக் காவி வந்திருக்கிறது, அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம். எவர் வீட்டிலும் மஞ்சள் இல்லை.

எங்கள் வீட்டில் அண்ணி தோசைத் திருப்பியோடு விடிந்ததும் வெளியே போனவர் காபிக்கும் வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் தெரிந்தது. நல்ல ஆழமான நீலம். அண்ணி அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். "நான் சொன்னேன்ல" என்றார். யாரிடம் எப்போது சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அந்த முகத்தைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

சாயங்காலம் தெருக்காரர்கள் கூடி, அவரவர் வீட்டு அசல் நிறத்தை அடித்துக்கொள்ள அனுமதி கேட்டு மனு எழுதினார்கள். முதல் கையெழுத்து தையல்நாயகி.

ஜூலை 19, வெள்ளி

அவசரக் கூட்டம். தலைவர் வீடும் எங்கள் தெருவில்தான் இருக்கிறது. முந்தாநாள் இருட்டியதும் அவரும் போய்ச் சுரண்டிப் பார்த்திருக்க வேண்டும். வலது கைப் பெருவிரல் நகத்தில் லேசாக ரோஸ் ஒட்டியிருந்தது. நான் பார்த்ததைப் பார்த்து, கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"நிறத்தைப் பற்றிச் சந்தேகம் எழுந்திருப்பதால், சென்னையிலிருந்து நிபுணர் வந்து ஆராய்ந்து அறிக்கை கொடுக்கும்வரை கப்பல்காரத் தெரு சம்பந்தப்பட்ட எல்லாக் கோப்புகளும் நிறுத்தி வைக்கப்படுகின்றன" என்று எழுதி வைத்திருந்ததைப் படித்தார்.

"நிபுணர் எப்ப சார் வருவாரு?" என்றாள் நஸீமா.

"வருவார்."

படி இறங்கும்போது நஸீமா என் காதருகில், "நாங்க எழுதிக் கேட்டு, அவங்க ஆள் அனுப்பி, அவர் அறிக்கை குடுக்க எப்படியும் அடுத்த வருஷம் ஆயிடும் மேடம். பேக்கரி பைலும் அதுல மாட்டிக்கிச்சு" என்றாள்.

வீட்டுக்கு வந்து, கொடியேற்றத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரில் எண்ணினேன்.

ஜூலை 22, திங்கள்

பேக்கரிக்குப் போனேன். பார்வையிடல் எதுவும் இல்லை. ரஸ்க் வாங்க வேண்டியிருந்தது.

இன்னாசிமுத்து நாற்காலியைத் துடைத்தார். நஸீமா சொல்லிவிட்டாளாம். "பரவால்ல டீச்சர், சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல. நீங்க உங்க வேலையத்தான செஞ்சீங்க" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுப்பை வாங்கிக்கொள்ள சீர்காழியில் ஒருவர் கேட்டிருக்கிறாராம். அடுப்பு என்றால் தட்டுகள், அச்சுகள், பெரிய மேஜை எல்லாம். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறாராம்.

"ஓசூர்ல குளிரும்" என்றேன்.

"ஆமா, ஸ்வெட்டர் வாங்கணும்."

டீயைக் குடிக்க முடியவில்லை. இஞ்சி அதிகம் போட்டுவிட்டார் போலிருக்கிறது.

ஜூலை 24, புதன்

சாப்பாடு பிடிக்கவில்லை. கத்தரிக்காய் பழசு.

ஜூலை 25, வியாழன்

இன்று கத்தரிக்காய் புதிது. அப்படியும் பிடிக்கவில்லை.

ஜூலை 26, வெள்ளி

தலைவரைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். பேக்கரி பைலை மட்டும் பிரித்து எடுக்க முடியாதா என்று கேட்டேன்.

"எல்லாமே உங்க சந்தேகத்து மேலதான் நிக்குது மேடம். நிறச் சந்தேகம் நீங்க எழுப்பினது. நீங்களே வாபஸ் வாங்கினா நிபுணரும் வேண்டாம், நிறுத்தி வைக்கிறதும் வேண்டாம். பேக்கரிக்கு அன்னைக்கே கையெழுத்துப் போட்டுடறேன்." பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், "தெருவும் மஞ்சளாவே இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

பெரிய மனிதர், வழி நன்றாகத்தான் காட்டுகிறார். நான் வாபஸ் வாங்கினால் பேக்கரிக்குக் கவுண்டர் கிடைக்கும், ஆனால் தெருக்காரர்களின் மனு செல்லாது. அண்ணியின் நீலமும் போய்விடும். வாங்காவிட்டால் இன்னாசிமுத்து ஓசூரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வீட்டுக்கு வந்தால் அண்ணி பெயிண்ட் கடை அட்டையை வைத்துக்கொண்டு, "இந்த நீலமா, பக்கத்துல உள்ளதா? நீதான் கலர் படிச்சவளாச்சே, சொல்லு" என்றார். தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டேன்.

ஜூலை 28, ஞாயிறு

சீர்காழி ஆள் வந்து அடுப்பைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். முன்பணம் கொடுக்க அடுத்த ஞாயிறு வருகிறாராம். பால்காரர் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். இரண்டு தடவை கேட்டதும் சொன்னார்.

ஜூலை 30, செவ்வாய்

காலையில் அண்ணி கீரை ஆய்ந்துகொண்டே, "நீ என்னத்த மனசுல வச்சுக்கிட்டு மருகுற?" என்றார்.

தலைவர் சொன்னதைச் சொன்னேன். பேக்கரி விஷயத்தில் ஒரு விண்ணப்பதாரருக்கு அநியாயம் நடக்கக் கூடாதே என்ற பொதுவான கவலைதான் என்பதையும் விளக்கினேன்.

அண்ணி கீரைக் கட்டை ஆய்ந்து முடித்தார். பிறகு, "நீலம் கெடக்கட்டும், போய் வாபஸ் வாங்கு" என்றார்.

"அண்ணி, நீங்க மொத கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"போட்டா என்ன? கையெழுத்துதானே, சொத்தா எழுதிக்குடுத்தேன்? நான் இத்தன வருஷம் மஞ்சளப் பாத்துட்டு உசுரோடதான் இருக்கேன். நீ ஒரு வாரமா தட்டுல கோலம் போட்டுக்கிட்டு எந்திரிக்கிற. அந்த மனுசன் ஓசூர் போயிட்டாருன்னா உனக்கு ஒரு வாய் சோறு எறங்குமா?"

"அது கத்தரிக்காய்..."

"கத்தரிக்காயத்தான் சொல்றேன்" என்றார்.

அண்ணி எதையோ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார். திருத்தலாம் என்று பார்த்தேன். கண் கலங்கிவிட்டது. கீரை அலசப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கூட்டம். விண்ணப்பதாரரும் வரலாம் என்பதால் இன்னாசிமுத்து வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, பின்வரிசை. தெருக்காரர்களும் நாலைந்து பேர் இருந்தார்கள். கிளிப்பச்சை வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பதிலுக்குச் சிரிக்க முடியவில்லை.

நிறச் சந்தேகத்தை வாபஸ் வாங்குகிறேன் என்றேன். பின்னால் சலசலப்பு. தலைவர் முகத்தில் மஞ்சள் வெளிச்சம்.

"காரணம் சொல்லணும் மேடம். குறிப்புல ஏறணும்" என்றார்.

வேறு காரணம் நிறைய யோசித்து வைத்திருந்தேன். எதுவும் நிற்காது. சுவரில் இருப்பது ரோஸ் இல்லை என்றால்தான் சந்தேகம் போகும்.

"என் கண்ணுலதான் கோளாறு. அது பழைய சுண்ணாம்பு, ஈரம் பட்டுச் செவந்திருக்கு. நான் சரியா பாக்கல" என்றேன்.

"டிராயிங் டீச்சரா இருந்துமா?"

அது தேவையில்லாத கேள்வி. அன்று ரோஸ் ஒட்டியிருந்த நகத்தை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்கிறார்.

"இருந்தும்" என்றேன்.

எத்தனை பிள்ளைகளுக்கு, வானம் எல்லா நேரமும் நீலமில்லை, நன்றாகப் பார்த்துவிட்டுப் போடு என்று சொல்லியிருக்கிறேன். இப்போது எனக்கே நிறம் தெரியாது என்று நகராட்சிக் குறிப்பில் ஏறுகிறது. நஸீமா எழுதுவதற்கு முன் என்னை ஒரு தடவை பார்த்தாள். எழுது என்று தலையசைத்தேன். மனசு நிஜமாகவே வலித்தது.

எழுதிக்கொண்டிருக்கும்போதே பின்னால் நாற்காலி நகர்ந்த சத்தம்.

"சார், அது ரோஸ்தான் சார்" என்றார் இன்னாசிமுத்து. "நான் பக்கத்துல நின்னு பாத்தேன். டீச்சருக்குக் கண்ணுல ஒரு கோளாறும் இல்ல. அவங்க சொன்னா சொன்னதுதான். எனக்கு ஜன்னல் இல்லாட்டியும் பரவால்ல, அவங்கள அப்படி எழுதாதீங்க."

இப்படி ஒரு மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அனுமதி கையெழுத்தாக ஒரே ஒரு வரிதான் பாக்கி. அடுப்பு விலை பேசியாயிற்று, கொடியேற்றம் வந்துகொண்டிருக்கிறது, நான் மானத்தைக் கழற்றி மேஜை மேல் வைத்திருக்கிறேன், இவர் எழுந்து நின்று நியாயம் பேசுகிறார். எனக்குக் கோபம் வந்தது. கோபம் மட்டும்தான் என்று சொல்ல முடியாது.

"உக்காருங்க" என்றேன்.

வகுப்பறைக் குரல். பேராசிரியர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர், இன்னும் நன்றாக உட்கார்ந்தார். இன்னாசிமுத்து என்னைப் பார்த்தார். நான் இன்னும் ஒரு தடவை, மெதுவாக, "உக்காருங்கன்னு சொல்றேன்ல" என்றேன். உட்கார்ந்தார்.

தலைவர் கையெழுத்துப் போட்டார். நிபந்தனை: ஜன்னல் கதவின் வெளிப்பக்கம் மரபு மஞ்சள்.

தெருக்காரர்கள் என்னிடம் பேசாமல் போனார்கள். நியாயம்தான்.

அண்ணியிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். நீலத்தைப் பற்றியோ மஞ்சக்காமாலையைப் பற்றியோ அவர் எதுவும் கேட்கவில்லை.

"சொன்னதும் உக்காந்துட்டாரா?"

"ரெண்டாந்தடவ சொன்னதும்."

"எதுத்து ஒரு வார்த்த பேசல?"

"இல்ல."

அண்ணி சுவரில் இருந்த என் கணவர் படத்தைப் பார்த்தார். "என் தம்பிய நீ எத்தன தடவ உக்காரச் சொல்லியிருப்ப. ஒரு நாளாவது உக்காந்தானா?" என்றார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நேரம் சிரித்தோம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கூட்டம். கோடி வீட்டுக் குளியலறைக் குழாய். எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 17, சனி

பேக்கரியில் கொத்தனார் வேலை நடக்கிறது. அந்தப் பக்கம் போகவில்லை. போக ஒரு காரணமும் இல்லை. பைல் முடிந்துவிட்டது. கவுண்டர் வந்துவிட்டால் யாரும் உள்ளே போக வேண்டியதில்லை. எல்லோரையும் போல நானும் தெருவில் நின்று, காசை நீட்டி, பன்னை வாங்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். நாற்காலி, டீ, துண்டால் துடைப்பது எல்லாவற்றையும் நானே கையெழுத்துப் போட்டு ஒழித்திருக்கிறேன். இப்போதுதான் உறைக்கிறது.

நல்ல காரியம் செய்தவர்களுக்குத் தூக்கம் நன்றாக வரும் என்பதெல்லாம் சும்மா.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

இன்று காலை கவுண்டர் திறந்தார்கள்.

காவித் துணியும் தோளில் மூட்டையுமாக நடைப்பயணிகள் நேற்றிலிருந்தே தெருவில் போகிறார்கள். அண்ணியும் நானும் போனபோது பேக்கரி வாசலில் வரிசை திரும்பி எதிர்ச்சாரி வரை நின்றது. பாதிப் பேர் வெறுங்காலோடு, கால் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார்கள். யாரும் படி ஏற வேண்டியிருக்கவில்லை. சீர்காழிக்காரர் வேறு அடுப்பு தேடிக்கொண்டிருக்கிறாராம்.

ஜன்னல் கதவுகளை இரண்டு பக்கமும் விரியத் திறந்து வைத்திருந்தார். வெளிப்பக்கம் மரபு மஞ்சள்தான், குறை சொல்ல முடியாது. உள்பக்கத்துக்கு விதி கிடையாது. அது ரோஸ், நகைக்கடைத் தாள் ரோஸேதான். கதவு திறந்திருக்கும்போது மஞ்சள் சுவரோடு ஒட்டிக்கொள்ள, தெருவுக்கு ரோஸ் மட்டும்தான் தெரிகிறது. எனக்கு மூன்று பேருக்கு முன்னால் துணிப்பையோடு தலைவர் இராமபத்திரன் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிப் பார்த்து, மறுபடி கழற்றினார். அரை டஜன் பன் வாங்கிக்கொண்டு போனார். தபால்காரர் வீட்டு ஜன்னலிலும் உள்பக்கம் என்னமோ ஊதாவாகத் தெரிந்தது. எங்கள் வீட்டுக்குப் பெயிண்டர் வியாழக்கிழமை வருகிறார் என்று அண்ணி அப்போதுதான் சொன்னார்.

என் முறை வந்தது. காசைச் சரியாக எண்ணி வைத்திருந்தேன்.

"நாலு தேங்காய் பன்" என்றேன்.

இன்னாசிமுத்து காசை வாங்கவில்லை. முழங்கையில் மைதா. "டீச்சர், உங்களுக்கு இங்க இல்ல" என்றார்.

"ஏன், அனுமதி குடுத்தவளுக்கே வியாபாரம் கெடையாதா?"

"இது படி ஏற முடியாதவங்களுக்கு. நீங்க உள்ள வாங்க. டீ போட்டு வச்சிருக்கேன்."

சத்தமாகத்தான் சொன்னார். மெதுவாகப் பேசுகிற மனிதர், இதை மட்டும் சத்தமாகச் சொன்னார். எனக்குப் பின்னால் நின்ற கிளிப்பச்சை வீட்டுக்காரர் இருமினார். திரும்பி அண்ணியைப் பார்த்தேன். அண்ணி என் கையிலிருந்து பையையும் காசையும் பிடுங்கிக்கொண்டு, "எனக்கு முழங்கால் வலி, நான் இங்கயே வாங்கிக்கிறேன். நீ போ" என்றார்.

படி ஏறினேன். வரிசை முழுக்கப் பார்த்தது. பார்க்கட்டும்.